யானை, கிளி, ஆமைக்குஞ்சு, புலிக்குட்டி: சுற்றுலா கிளம்பும் முன் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் நானும் என் தம்பியும் ஒரு வேன் வைத்துக் குடும்பங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுற்றுலா அழைத்துப் போகிறோம். பக்கத்தில் என்றால் பிச்சாவரம், புதுச்சேரி, செஞ்சி. கொஞ்சம் தூரம் என்றால் வண்டலூர், முதுமலை, தேக்கடி. விலங்குகளைக் காட்டிக் காசு பார்க்கும் சில இடங்களுக்கு இனிமேல் வண்டி போகாது என்று நாங்கள் முடிவு செய்ததிலிருந்து, ஏறுகிற எல்லோரும் ஏதாவது ஒரு கேள்வி கேட்கிறார்கள், பாதிப் பேர் கோபமாக, பாதிப் பேர் நிஜமாகவே தெரிந்துகொள்ள.

திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். மேலிருந்து படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

அக்கா, அடிச்சா தானே வதை? அங்க யாரும் அடிக்கலையே, நல்லா சாப்பாடு போட்டுத்தானே வெச்சிருக்காங்க?

அடிப்பது வதைதான், ஆனால் அதோடு முடியவில்லை. இங்கிலாந்தில் 1965-ல் பண்ணை விலங்குகளின் நிலையைப் பற்றி ஒரு அரசுக் குழு அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசப்படும் ஐந்து சுதந்திரங்கள்: பசி தாகம் இல்லாமல் இருப்பது, இருக்கிற இடத்தில் உடம்புக்கு அவதி இல்லாமல் இருப்பது, வலியும் நோயும் காயமும் இல்லாமல் இருப்பது, தன் இனத்துக்கு இயல்பானதைச் செய்ய முடிவது, பயமும் மன உளைச்சலும் இல்லாமல் இருப்பது. சாப்பாடு போடுவது இதில் முதல் ஒன்றுக்கு மட்டும்தான் பதில்.

இத்தனையையும் ஒரு சுற்றுலா இடத்தில் நின்று சரிபார்க்க முடியாது என்பதால் நான் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்வியைச் சொல்லித் தருகிறேன். நாம் கிட்டப் போனால், பிடிக்கவில்லை என்றால் அந்த விலங்கால் விலகிப் போக முடியுமா? முடியும் என்றால் பெரும்பாலும் பரவாயில்லை. சங்கிலி, கூண்டு, வெட்டிய இறக்கை, யாரோ ஒருவர் கையில் இருக்கும் குச்சி, இதில் ஏதாவது ஒன்று அதை நிறுத்தி வைத்திருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

யானை தலையை ஆட்டிக்கிட்டே நிக்குதே, சந்தோஷமா டான்ஸ் ஆடுதுன்னு தானே அர்த்தம்?

இதே வார்த்தையை நானே ஒரு வேன் நிறையப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கேரளப் பக்கம் ஒரு தனியார் முகாம், அங்கே ஒரு பெண் யானை முன்காலில் சங்கிலியோடு நின்று இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருந்தது, நான் "பாருங்க, யானை டான்ஸ் ஆடுது" என்றேன், பிள்ளைகளும் கை தட்டி அதோடு சேர்ந்து ஆடினார்கள். ஊர் திரும்பிய பிறகு எடுத்த வீடியோவைத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நடக்க இடமில்லாமல், செய்ய வேலையில்லாமல், கூட ஒரு யானை இல்லாமல் வருஷக்கணக்கில் நிற்கும் யானைக்கு வருகிற பழக்கம் இது, காட்டில் திரிகிற யானை இப்படி மணிக்கணக்கில் ஆடாது என்றார்.

அன்றைக்கு என் வாயால் அந்தப் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது இன்னும் மனசில் இருக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்ததற்குக் காரணமே அந்த யானைதான். கூண்டுப் புலி ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்புவதும், கரடி கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பதும், கிளி தன் இறகைத் தானே பிடுங்குவதும் இதே வகைதான்.

அவ்ளோ பெரிய யானைக்கு ரெண்டு பேர் ஏறினா ஒரு பாரமா?

நாள் முழுக்க முதுகில் அம்பாரியைக் கட்டி, தார் ரோட்டில் வெயிலில் திரும்பத் திரும்ப நடக்க வைத்தால் முதுகும் பாதமும் புண்ணாகும், அது பாரம்தான். ஆனால் எனக்குப் பெரிய விஷயம் அது இல்லை. முன்பின் தெரியாத மனிதர்களைத் தினமும் முதுகில் ஏற்றிக்கொள்ள எந்த யானையும் தானாகச் சம்மதிக்காது. நாய், மாடு போல யானை பல தலைமுறையாக மனிதனோடு வளர்த்துப் பழக்கப்பட்ட இனம் கிடையாது, இங்கே இருக்கும் யானைகளில் பல காட்டிலிருந்து வந்தவையே. அதைப் பழக்குவதென்றால் அடைத்து, கட்டி, பட்டினி போட்டு, அங்குசத்துக்குப் பயப்படும் வரை அதன் மனசை உடைப்பதுதான் பழைய முறை. தாய்லாந்தில் அதற்கு பஜான் என்றே ஒரு பெயர் இருக்கிறது. நீங்கள் ஏறும் பத்து நிமிஷத்தில் யாரும் அடிக்கமாட்டார்கள். அடி எல்லாம் முன்பே முடிந்திருக்கும்.

யானையைப் பார்க்கத்தான் ஆசை என்றால் முதுமலை தெப்பக்காடு முகாமில் உணவு கொடுக்கும் நேரத்துக்குப் போங்கள், தள்ளி நின்று பார்க்கலாம். நூறு வருஷத்துக்கு மேல் பழைய முகாம், வனத்துறை நடத்துகிறது, யானைகளைக் காட்டில் மேய விடுகிற வழக்கமும் உண்டு. அங்கேயும் சங்கிலி உண்டு, குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே மேய்ச்சலும் கூட்டாளிகளும் காடும் இருக்கின்றன.

மணக்குள விநாயகர் கோயில் லட்சுமியை நாங்க எல்லாரும் பாசமாத்தானே பார்த்தோம்? ஆசீர்வாதம் வாங்கினதுகூட தப்பா?

நானும் வாங்கியிருக்கிறேன். புதுச்சேரிக்கு வந்து லட்சுமியைப் பார்க்காமல் போனவர்கள் குறைவு. 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சி போன வழியில் லட்சுமி தெருவில் விழுந்து இறந்தபோது ஊரே அழுதது, அந்தப் பாசத்தில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் நம் பாசம் வேறு, யானைக்கு வேண்டியது வேறு. பெண் யானை என்பது அம்மா, பெரியம்மா, சித்தி, அக்கா தங்கைகளோடு வாழ்நாள் முழுக்கக் கூட்டமாக இருக்கிற பிறவி. ஒரு நாளின் பெரும்பகுதியை நடந்துகொண்டும் மேய்ந்துகொண்டும் கழிக்கும். எந்த ஊர்க் கோயில் யானைக்கும் நகரத்துக்குள் இந்த இரண்டையும் எவ்வளவு நல்ல பாகனாலும் முழுசாகக் கொடுக்க முடியாது. கல் தரையில் நின்று நின்று பாதம் கெடும். அப்புறம் பலருக்குத் தெரியாத ஒன்று, காசநோய் மனிதரிடமிருந்து யானைக்கும் யானையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். ஒரு நாளைக்கு அத்தனை பேர் தலையில் தும்பிக்கை வைக்கிற இடத்தில் இதை யோசிக்கத்தான் வேண்டும். 2023-ல் திருச்சூர் மாவட்டம் இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயிலில் நிஜ யானைக்குப் பதிலாக இயந்திர யானையைக் கோயிலுக்குக் காணிக்கையாக ஏற்றுக்கொண்டார்கள், பக்தி எதுவும் குறைந்துவிடவில்லை. எனக்கு அது நல்ல வழியாகத் தெரிகிறது.

வண்டலூர் போகலாமா வேணாமா? கூண்டுன்னாலே தப்புன்னு எம்பொண்ணு சொல்றா.

உங்கள் பெண் கேட்பது நியாயமான கேள்வி. நாங்கள் வண்டலூருக்குப் போகிறோம், ஏன் என்று சொல்கிறேன். 602 ஹெக்டேர், பெரும்பாலான அடைப்புகளில் மண்ணும் மரமும் ஒளிந்துகொள்ள இடமும் உண்டு. 1992-லிருந்து நாட்டில் எந்த மிருகக்காட்சி சாலையும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடக்கக்கூடாது. அந்த அங்கீகாரம் இருந்தால் எல்லாமே சரி என்று அர்த்தமாகாது, ஆனால் கணக்குக் கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

பார்வையாளர் பக்கத்தில்தான் எனக்கு வருத்தம். புலி மரத்தடியில் படுத்திருந்தால் விசில், கத்தல், கம்பியைத் தட்டுவது. முதல் பதிலில் சொன்ன கேள்வியை வைத்துப் பார்த்தால், ஒளிய இடமுள்ள அடைப்பில் ஒரு விலங்கு உங்கள் கண்ணில் படாமல் இருக்கிறது என்றால் அந்த அடைப்பு ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது. நாலு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாமல், ஒரே அடைப்பின் முன்னால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளும் உட்காருவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

முதலை அசையவே மாட்டேங்குது, பொம்மையா நிஜமான்னு பார்க்க ஒரு சின்னக் கல்லு போட்டா என்ன ஆகும்?

ஈசிஆர் ரோட்டில் வடநெம்மேலி முதலைப் பண்ணையில் ஒரு அப்பா கேட்டது இது. முதலைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், அதனால் வெயிலில் அசையாமல் கிடக்கும். வாயைத் திறந்து வைத்திருந்தால் கடிக்கக் காத்திருக்கிறது என்று பயப்பட வேண்டாம், சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. அசையாமல் கிடப்பதுதான் அதன் ஆரோக்கியமான நாள்.

கல்லடி கண்ணில் படலாம், போட்ட காசையும் பிளாஸ்டிக்கையும் விழுங்கினால் வயிற்றிலேயே தங்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மிருகக்காட்சி சாலையில் விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாமே குற்றம்.

குரங்குக்கு பிஸ்கட் போட்டா புண்ணியம்தானே, வாயில்லா ஜீவன்?

செஞ்சிக் கோட்டைக்கு ஏறும்போது ஒவ்வொரு முறையும் வரும் கேள்வி. நாட்டுக் குரங்கு பழம், கொழுந்து, விதை, பூச்சி என்று நாள் முழுக்கத் தேடித் தின்னும். பிஸ்கட் பாக்கெட் கிடைத்தால் தேடுவதை விட்டுவிட்டு நம் பையைத் தேட ஆரம்பிக்கும். ரோட்டோரம் உட்கார்ந்து வண்டியில் அடிபடும். பிள்ளையைக் கடித்துவிட்டால் ஊர் புகார் கொடுக்கும், கூண்டு வைத்துப் பிடித்துத் தெரியாத காட்டில் கொண்டுபோய் விடுவார்கள். பிஸ்கட் போட்டவர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

இன்னொன்று. குரங்கு பல்லைக் காட்டினால் "சிரிக்குது" என்று செல்ஃபி எடுக்கிறார்கள். அது பயம், அல்லது கிட்ட வராதே என்ற எச்சரிக்கை.

கிளி ஜோசியம் நம்ம பாரம்பரியம் இல்லையா? ஒரு சீட்டு எடுக்கறதுல கிளிக்கு என்ன கஷ்டம்?

சீட்டு எடுப்பதில் கஷ்டம் இல்லை. மிச்ச இருபத்து மூணே முக்கால் மணி நேரம்தான் கஷ்டம். பச்சைக்கிளி கூட்டமாகப் பறக்கிற பறவை, சாயங்காலம் மரத்துக்குத் திரும்பும்போது அது போடும் சத்தம் கேட்டிருப்பீர்கள். அதன் இறக்கையை வெட்டி, தலையைத் திருப்பத்தான் இடமிருக்கும் ஒரு பெட்டியில் வைக்கிறார்கள். பெரும்பாலும் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்தவை, எடுக்கும்போதும் கொண்டுவரும்போதும் செத்தவை நம் கண்ணுக்கு வருவதில்லை.

சட்டமும் தெளிவு. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பது, விற்பது, வளர்ப்பது குற்றம். 2024 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் நம் கடலூர் தொகுதியிலேயே ஒரு வேட்பாளருக்குக் கிளி சீட்டு எடுத்த வீடியோ பரவி, வனத்துறை வந்து கிளிகளை எடுத்துக்கொண்டு, ஜோசியக்காரரை எச்சரித்து விட்டார்கள். நிறையப் பேருக்கு அப்போதுதான் அது குற்றம் என்றே தெரிந்தது. அந்த ஜோசியக்காரர் பிழைப்புக்கு என்ன செய்வார் என்ற கேள்வி கடைசிப் பக்கம் வருகிறது, அதைத் தட்டிக் கழிக்கவில்லை.

பாம்பாட்டி மகுடி ஊதினா பாம்பு ஆடுதே?

பாம்புக்கு நம்மைப் போல வெளிக்காது கிடையாது, அதிர்வைத்தான் அதிகம் உணரும். மகுடியின் அசைவைப் பார்த்து, அதுதான் தன்னைத் தாக்க வருகிறது என்று படமெடுத்து அதன் பின்னாலேயே போகிறது. பல பாம்புகளுக்குப் பல் பிடுங்கி வாய் புண்ணாகியிருக்கும், சிலவற்றுக்கு வாயைத் தைத்தே வைத்திருப்பார்கள். பால் ஊற்றினால் குடிப்பதும் தாகத்தில்தான், தண்ணீர் கொடுக்காமல் வாட விட்டிருப்பார்கள், பால் அதற்குச் செரிக்காது. பாம்பு பிடித்து வித்தை காட்டுவதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டுவதும் கூடாது, அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் 2001-ல் உறுதி செய்தது.

பொருட்காட்சியில மக்காவ் கிளி, இகுவானா எல்லாம் கையில வெச்சு போட்டோ எடுக்க விட்டாங்க. அது வெளிநாட்டு உயிரினம், சட்டத்துல பிரச்சினை இல்லைன்னாங்களே?

முன்னே அந்த ஓட்டை பெரிதாக இருந்தது. 2022-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, உலக ஒப்பந்தப்படி பாதுகாக்கப்பட்ட வெளிநாட்டு இனங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள், இப்போது வைத்திருப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வரும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

ஆனால் பதிவு இருந்தால் மட்டும் பறவைக்கு நிம்மதி வந்துவிடாது. ஸ்பீக்கர் அலறும் கூடாரத்தில், ஒரு நாளைக்கு நூறு கை மாறி, ஃபிளாஷ் வெளிச்சத்தில், பறக்க முடியாமல் இருக்கும் மக்காவைப் பார்த்து என்னோடு வந்த ஒரு மூணாம் வகுப்புப் பையன் "ஏன் ஆன்ட்டி இது பறந்து போகல?" என்றான். இறக்கையின் பறக்கும் இறகுகளைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். இகுவானா, மலைப்பாம்பு மாதிரி ஊர்வன அசையாமல் இருந்தால் சாது என்று நினைக்கிறோம், பயந்தால் உறைந்து போவது அவற்றின் இயல்பு.

பீச்ல குதிரை சவாரி? அது காட்டு மிருகம் இல்லையே.

இல்லை, வளர்ப்பு விலங்குதான், அதனால் ஏறவே கூடாது என்று சொல்லமாட்டேன். எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை செய்யும் விலங்குகளுக்கு 1965-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது: ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை கூடாது. கடலூர் கத்திரி வெயிலுக்கு அந்த மூன்றாவது விதி ரொம்ப முக்கியம். விலா எலும்பு எண்ண முடிந்தால், சேணத்துக்கு அடியில் புண் இருந்தால், நிழலும் தண்ணீர் வாளியும் கண்ணில் படாவிட்டால் ஏறாதீர்கள். ஏன் ஏறவில்லை என்று குதிரைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள், சொன்னால்தான் அடுத்த நாள் வாளி வரும்.

பிச்சாவரத்துலயும் ஊசுட்டேரியிலயும் எதையும் கட்டி வைக்கலையே, அங்க என்ன தப்பு வந்துடப் போகுது?

கட்டி வைக்கவில்லை, அதனால்தான் அந்த இடங்கள் எனக்குப் பிடிக்கும். பறவைக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். ஆனால் திரும்பத் திரும்ப எழுந்து போக வைப்பதும் ஒரு தொந்தரவு. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வருகிற வலசைப் பறவைகளில் பல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. "எல்லாம் சேர்ந்து பறந்தா வீடியோ சூப்பரா இருக்கும்" என்று கை தட்டுகிறோம், டிரோன் விடுகிறோம், அந்த ஒவ்வொரு முறையும் அது தின்று சேர்த்ததிலிருந்துதான் செலவாகிறது. கூடு கட்டும் சமயமாக இருந்தால் இன்னும் மோசம், தாய் எழுந்த நேரத்தில் முட்டை வெயிலில் காயும், காக்கை வந்து தூக்கும்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடுங்கள். சத்தமில்லாமல் அந்தச் சின்ன வாய்க்கால்களுக்குள் சுரபுன்னை வேர்களை ஒட்டிப் போனால் மீன்கொத்தியும் நாரையும் பக்கத்திலேயே நிற்கும், நாலு பேர் பாட்டுப் போட்டுக்கொண்டு போனால் வேரைத் தவிர ஒன்றும் தெரியாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்த தில்லை மரமும் இந்தக் காட்டு இனம்தான், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடிக்காதீர்கள். 2022-ல் பிச்சாவரம் ராம்சர் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், 2024-ல் நம் விழுப்புரம் பக்கத்துக் கழுவேலி ஏரியும் ஆனது. ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டது. அங்கே விடியற்காலை போங்கள், பைனாகுலர் ஒன்று எடுத்துப் போங்கள், ஸ்பீக்கரை வேனிலேயே விட்டுவிடுங்கள்.

ஆமைக்குஞ்சு விடறாங்களாமே, பையன் கையால ஒண்ணு கடல்ல விடட்டுமா?

எல்லாக் கேள்வியிலும் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. நம் கடற்கரைக்கு வருவது பங்குனி ஆமை. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை ராத்திரியில் கரையேறி, மணலில் குழி தோண்டி நூறு முட்டை போல இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். நாயும் நரியும் தோண்டாமல் இருக்க வனத்துறையும் தன்னார்வலர்களும் அந்த முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள். 45 முதல் 60 நாளில் பொரியும். மணல் சூடாக இருந்தால் பெண், குளிர்ந்திருந்தால் ஆண், இதைச் சொன்னால் வேனில் இருக்கும் மொத்தப் பேரும் கேட்பார்கள்.

பார்க்கப் போங்கள், கட்டாயம் பையனைக் கூட்டிப் போங்கள். கையில் மட்டும் எடுக்க வேண்டாம். குஞ்சு வெளியே வந்ததும் அதற்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் தெம்பில்தான் மணலைக் கடந்து அலையைத் தாண்டி ஆழத்துக்கு நீந்துகிறது. நாம் கூடையில் வைத்து, போட்டோ எடுத்து, விருந்தினர் வரும் வரை காக்க வைத்தால் அந்தத் தெம்பு கூடைக்குள்ளேயே தீர்ந்து போகும். மணலில் தானாக ஊர்ந்து போகட்டும், பையன் ரெண்டு பக்கமும் காக்கை வராமல் பார்த்துக்கொள்ளட்டும், அது அவனுக்குப் போதுமான வேலை.

வெளிச்சம் இன்னொரு பிரச்சினை. குஞ்சு இருட்டில் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்துப் போகும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சோடியம் விளக்கும் கடை லைட்டும் செல்ஃபோன் டார்ச்சும் எரிந்தால் அது ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். அதனால் டார்ச், ஃபிளாஷ் வேண்டாம். பெரிய ஆமைகளுக்கு வலைதான் எமன், மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகின்றன. 2025 ஜனவரியில் சென்னைப் பக்கக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

டால்பின் பார்க்கப் படகுல போகலாமா? அது எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கே.

அது தாடையின் அமைப்பு, வலியில் இருந்தாலும் அப்படித்தான் தெரியும். டால்பினைத் தொட்டியில் வைத்து வித்தை காட்டும் இடங்களை இந்தியா 2013-லேயே தடுத்துவிட்டது. படகில் போனால், துரத்தச் சொல்லாதீர்கள். எஞ்சினைக் குறைத்துவிட்டுத் தள்ளி நின்றால் அதுவே சில சமயம் கிட்ட வரும், வராமலும் போகும். "பார்க்க முடியலன்னா காசு வாபஸ்" என்று சொல்லும் படகைத் தவிர்த்துவிடுங்கள், அந்த வாக்குறுதிதான் படகோட்டியைத் துரத்த வைக்கிறது.

தாய்லாந்து டூர்ல புலிக்குட்டிக்குப் பால் புகட்டலாமாம், பேக்கேஜ்லயே இருக்கு. அங்க அது சட்டப்படி சரிதானே?

காட்டில் புலிக்குட்டி கிட்டத்தட்ட இரண்டு வருஷம் தாயோடு இருக்கும். உங்கள் மடியில் இருக்கும் குட்டியைப் பிறந்த கொஞ்ச நாளிலேயே பிரித்திருக்கிறார்கள், குட்டி போய்விட்டதால் தாய் சீக்கிரமே அடுத்த ஈற்றுக்குத் தயாராகும், தொழில் அப்படித்தான் ஓடுகிறது. அப்போது வளர்ந்த புலிகள் எல்லாம் எங்கே போகின்றன என்று கேளுங்கள். காஞ்சனபுரியில் புலிக்கோயில் என்று பெயர் வாங்கிய ஒரு மடத்தில் 2016-ல் அதிகாரிகள் நுழைந்து 137 புலிகளை மீட்டார்கள், உறைபெட்டியில் 40 செத்த குட்டிகள் கிடந்தன. அதற்கு முன் அங்கே போய் புலியோடு படம் எடுத்தவர்கள் எல்லோரும் துறவிகளின் கருணையைப் புகழ்ந்துவிட்டுத்தான் வந்தார்கள்.

அங்கே கடற்கரையில் பெரிய கண்ணோடு ஒரு சின்ன உயிரைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். நம் ஊர் தேவாங்கின் உறவு அது. ராத்திரி விலங்கு, பகல் வெளிச்சம் கண்ணைக் கூசும். கடிக்காமல் இருக்கப் பல்லை வெட்டியிருப்பார்கள். கையைத் தூக்குவதை "கொஞ்சச் சொல்லுது" என்பார்கள், அது தற்காத்துக்கொள்ளத் தூக்குகிறது. இங்கே தேவாங்குக்காகவே 2022-ல் கடவூரில் சரணாலயம் அறிவித்துவிட்டு அங்கே போய் அதன் உறவைக் கையில் வாங்காதீர்கள்.

"மீட்பு மையம்", "சரணாலயம்"னு போர்டு போட்டிருந்தா நம்பலாமா? ரிவ்யூவும் நல்லாத்தான் இருக்கு.

போர்டு யார் வேண்டுமானாலும் போடலாம். ரிவ்யூ பற்றி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2015-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள், விலங்குகளுக்குக் கேடு செய்கிற இடங்களுக்கும் பெரும்பாலான பயணிகள் நல்ல ரிவ்யூதான் எழுதியிருந்தார்கள். கெட்டவர்கள் என்பதால் அல்ல, நான் "டான்ஸ்" என்று சொன்ன மாதிரி அவர்களுக்கும் தெரியவில்லை.

நான் ஃபோன் பண்ணிக் கேட்பது இவ்வளவுதான். தொட, கட்டிப்பிடிக்க, குளிப்பாட்ட, ஏற விடுவீர்களா? ஆமாம் என்றால் நாங்கள் வரவில்லை. வருஷா வருஷம் குட்டி பிறக்கிறதா, அந்தக் குட்டிகள் எங்கே? உண்மையான மீட்பு மையம் குட்டிகளை உற்பத்தி செய்யாது. ஒரு விலங்குக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்குக் காட்சிக்கு வைப்பீர்களா? நல்ல இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் சந்தோஷமாக நிறையப் பேசுவார்கள்.

நாம போகலன்னா அந்த யானை பட்டினிதானே கிடக்கும்? பாகன், கிளிக்காரர், குதிரைக்காரர் எல்லாம் ஏழைங்க, அவங்க வயித்துல அடிக்கறீங்களே அக்கா.

இதற்குச் சுலபமான பதில் என்னிடம் இல்லை, ஆனால் கேள்வியில் பாதி சரி. இன்றைக்கு இருக்கும் யானைக்கு இன்றைக்குத் தீனி வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் நின்றுவிட்டால் முதலில் குறைவது அதன் தீனிதான். ஆனால் நாம் போய்க்கொண்டே இருந்தால் அடுத்த குட்டியைப் பிடிக்கவும் காசு நாம்தான் தருகிறோம். அதனால் சவாரி வேண்டாம், தள்ளி நின்று பார்க்க அதே காசு தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் கேட்டோம், ஒரு இடத்தில் சிரித்து அனுப்பிவிட்டார்கள், இன்னொரு இடத்தில் யோசித்துச் சரி என்றார்கள்.

பிழைப்புக்கு வழி இல்லாமல் சட்டம் மட்டும் வந்தால் அது ஏழையைத்தான் அடிக்கும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழி செய்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் நின்றதும் இருளர்கள் பிழைப்பு போனது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, அனுமதியோடு பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாராவதற்கான விஷத்தில் பெரும்பங்கு அவர்கள் கையிலிருந்து போகிறது. அதே அறிவு, அதே கை. வடக்கே கரடி ஆட்டிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கும் வேறு தொழிலுக்கு உதவி கொடுத்த பிறகுதான் கரடிகள் ஒவ்வொன்றாக மீட்பு மையங்களுக்கு வந்து சேர்ந்தன. பாகனைவிட யானையை அறிந்தவர் யார்? கிளிக்காரரும் அந்தக் கிளியும் சேர்ந்துதான் பட்டினி கிடக்கிறார்கள், ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைக் கைவிடச் சொல்லி நான் எழுதவில்லை.

கண்ணெதிர்லயே தப்பு நடந்தா யார்கிட்ட சொல்றது? பேசாம நானே கிளியைக் காசு குடுத்து வாங்கிப் பறக்க விட்டுடட்டுமா?

வாங்காதீர்கள். நீங்கள் கொடுத்த காசில் அடுத்த வாரம் ரெண்டு கிளி வரும். இறக்கை வெட்டிய கிளியை விட்டால் பூனைக்குத்தான் போகும்.

காட்டு உயிர் என்றால் வனத்துறை, குதிரை, மாடு மாதிரி வளர்ப்பு விலங்கை வதைத்தால் காவல் நிலையம். நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு, பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர் என்று புதுச்சேரி ஊர்களும் கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன, ஒரே ரோட்டில் பத்து நிமிஷத்தில் எல்லை ரெண்டு முறை மாறும். தமிழ்நாட்டு வனத்துறைக்கு ஃபோன் போட்டு, அது புதுச்சேரி இடம் என்று தெரிந்து, அவர்கள் வேறு நம்பர் கொடுத்து, அதற்குள் ஆள் கிளம்பிப் போன கதை எங்களுக்கு நடந்திருக்கிறது. அதனால் முதலில் பக்கத்துக் கடைக்காரரிடம் இது எந்த மாநிலம், எந்த ஊராட்சி அல்லது கொம்யூன் (புதுச்சேரியில் ஊராட்சிக்கு வழங்கும் பெயர்) என்று கேளுங்கள். தூரத்திலிருந்து ரெண்டு படம், இடத்தின் பெயர், நேரம், வண்டி இருந்தால் அதன் நம்பர். சண்டைக்குப் போகாதீர்கள், அவர் வீட்டுப் பிள்ளை பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும். சொன்ன பிறகு மறுநாள் ஒரு முறை ஃபோன் போட்டு என்ன ஆச்சு என்று கேளுங்கள்.